அலங்காரம் என்று குறித்த பக்கம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் கணினியின் திரையை அணைத்துவிட்டுக் காதில் ஹெட்போனை மாட்டி, ஒரு கடிதத்தைக் கேட்கச் சொன்னார்கள். ஒஸ்லோவின் நடுவில், மூன்றாம் மாடியில் இருக்கும் சிறிய நிறுவனம் அது. அரச அலுவலகங்கள் அனுப்பும் பி.டி.எஃப் கோப்புகளைப் பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் வாசிக்கக்கூடிய விதமாக மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். திரைவாசிப்பான் என்பது திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருள். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிகிற ஒரு கடிதம் காதுக்கு என்னவாகிறது என்பதை அன்றுதான் கேட்டேன். அருகருகே இருந்த இரண்டு பத்திகளைக் குரல் குறுக்கே வாசித்தது. ஒரு பத்தியின் பாதி வசனத்தில் மற்றப் பத்தியின் வால் வந்து ஒட்டியது. அட்டவணை வந்த இடத்தில் எண்கள் மட்டும் கொட்டின, எது எதற்குரியது என்று இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அது ஸ்கேன் செய்த பக்கம். பார்ப்பவருக்கு எழுத்து, மென்பொருளுக்கு வெறும் புகைப்படம்.

ஹெட்போனைக் கழற்றியபோது இந்த வேலை எனக்கென்றே இருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தது பொய்யில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முழுதாகப் போனவன் நான் ஒருவன்தான். அம்மா ஐந்தாம் வகுப்பு, அதற்குமேல் இடம்பெயர்வு. அப்பா எட்டு. வட நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட்டின் மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் மீன் வெட்டி, தோள்பட்டை இரண்டும் போனபிறகு ஒஸ்லோவுக்கு வந்தவர். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கையில் இறந்துபோனார். எனக்கு ஏழு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில் எங்கள் மாடித்தொடரில் பல வீடுகளில் அப்படித்தான். கடிதம் வந்தால் பிள்ளையைக் கூப்பிடுவார்கள்.

அந்த முதல் நாளுக்குப் பிறகு எவரும் என்னை எதையும் கேட்கச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தால் அது நடக்காது. கோப்பை ஒரு சோதனை மென்பொருளுக்குள் போடுவோம். பிழை இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. பச்சை வந்தால் அனுப்பலாம்.

அம்மாவின் கண் என் படிப்பு முடிகிற காலத்தில்தான் மோசமானது. கண் அழுத்தம். ஓரங்களிலிருந்து தின்றுகொண்டு வந்து, நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் நடுவையும் தொட்டுவிட்டது. வெளிச்சமும் அசைவும் மட்டும் மிஞ்சின. அம்மா ட்வெய்ட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பார்னஹாகேயின், அதாவது பாலர் பாடசாலையின், சமையலறையில் வேலை செய்தார். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பாண் வெட்டி, பழம் வெட்டி, சூப் வைத்துக் கொடுப்பது. அவருடைய நோர்வேஜியன் அந்தப் பிள்ளைகளிடம் காதால் எடுத்தது. “உன்ரை கொம்மா நாலு வயசுப் பிள்ளை மாதிரிக் கதைக்கிறா, ஆனால் பிழையில்லாமல் கதைக்கிறா” என்று அப்பா பகிடி பண்ணுவார். எழுத்து மட்டும் அம்மாவுக்கு ஒருநாளும் ஏறவில்லை.

அதனால்தான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. கடிதங்கள் எல்லாம் இப்போது கைத்தொலைபேசிக்கே வருவதால், அம்மாவின் கைத்தொலைபேசியில் திரைவாசிப்பானைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு நோர்வேஜியப் பெண்குரல். முதல் கிழமை அம்மா அதோடு சண்டை பிடித்தார். விரலை எங்கே வைத்தாலும் குரல் எதையாவது சொல்லும். “வாய் ஓயாத பெட்டை” என்றார். மூன்றாம் கிழமை, நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகையில் சொன்னார்:

“வியாழக்கிழமை பத்தரைக்குப் பல்லு டொக்டர். வாசிச்சிட்டன்.”

“ஆர் வாசிச்சுத் தந்தது?”

“ஆர் தாறது? நான்தான் வாசிச்சனான்.”

இருபத்தைந்து வருடம் இந்த நாட்டில் இருந்து, கண் போனபிறகுதான் அம்மா தன் பெயருக்கு வந்த கடிதத்தைத் தானே வாசித்தார். எழுத்து விளங்காதவருக்குக் குரல் விளங்கியது. பழைய கடிதங்களையும் தேடித் தேடிக் கேட்டார். ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, உவங்கள் இவ்வளவு நீட்டாய் எழுதினவங்களே? சின்னனிலை நீ எனக்கு ரெண்டு வரியிலையெல்லோ சொல்லி முடிச்சனி. மிச்சத்தை விழுங்கினனி, என்ன?”

“விளையாடப் போக வேணுமெல்லோ, அம்மா.”

“கள்ளன்.”

எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, ஒரு வேலை பறிபோனது போலவும் இருந்தது.

பார்னஹாகேயின் தலைமைப் பெண் நல்லவர். அம்மா சுகவீன விடுப்பில் இருந்த குளிர்காலத்தில் வீட்டுக்கே வந்து பேசினார். பார்வை இழந்தவர்களுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. ஒஸ்லோவுக்கு வெளியே நான்கு கிழமை தங்கிப் படிக்க வேண்டும். கைத்தடியோடு நடக்க, பார்க்காமல் கத்தி பிடிக்க, அடுப்புக்குக் கிட்ட நிற்க எல்லாம் சொல்லித் தருவார்கள். அதை முடித்துவிட்டு வந்தால் சமையலறையில் வேலை இருக்கும், வருகிற டிசம்பர் நத்தார் வரைக்கும் அந்த இடத்தைப் பிடித்து வைக்கிறேன் என்றார். அம்மா கை பிடித்து நன்றி சொன்னார். விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். அம்மாவுக்கு அந்தச் சமையலறைதான் உலகம். அவர் அதை அப்படிச் சொல்லமாட்டார். “வீட்டிலை இருந்தால் சுவரைத்தான் பாக்க வேணும், அதுவும் தெரியாது” என்பார்.

அதே குளிர்காலத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெரிய கட்டு வந்தது. இணைப்புத்தாள்கள். அலுவலகங்கள் அனுப்பும் கடிதத்தின் முதல் பக்கம் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டாம் பக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த இரண்டாம் பக்கங்களைத் திருத்தி ஒரு தடவை கொடுத்துவிட்டால், பிறகு போகிற கடிதங்களோடு அது தானாக ஒட்டிக்கொள்ளும். அதில் பாதி ஸ்கேன் செய்த தாள்கள். மூலக்கோப்பு கேட்டு எழுதினேன். கைவசம் இல்லை என்று பதில் வந்தது. தட்டச்சு செய்து புதிதாகப் போடுவது ஒப்பந்தத்தில் இல்லை. ஸ்கேன் படத்துக்கு விளக்கம் எழுதாவிட்டால் சோதனையில் சிவப்பு. ஒரு முழுப் பக்கத்தையும் விளக்கமாக எழுத நேரமில்லை.

பக்கத்து மேசையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட. என் தமிழைக் கேட்டால் ரேடியோ நாடகம் கேட்கிற மாதிரி இருக்கிறது என்பார். அவருடைய தமிழில் பாதி ஆங்கிலம் என்று நான் சொல்வேன். அவர் என் திரையை எட்டிப் பார்த்தார்.

“இதுக்கா ப்ரோ மண்டைய உடைக்கிறீங்க? அலங்காரம்னு குறிச்சுட்டுப் போங்க.”

அலங்காரம் என்பது எங்கள் தொழிலில் ஒரு குறி. பக்கத்தின் ஓரக்கோடு, பின்னணி நிறம், பூவேலை, இப்படிக் கேட்பவருக்குத் தேவையில்லாதவற்றுக்குப் போடுவது. அந்தக் குறி இருந்தால் திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். சோதனை மென்பொருளும் கேள்வி கேட்காது.

“முழுப் பக்கத்தையுமோ?”

“செக்கர் பச்சை காட்டும். வேணும்னா பாருங்க.”

பார்த்தேன். பச்சை காட்டியது.

“அப்ப கண் தெரியாத ஆக்கள் என்ன செய்யிறது?”

“அவங்க வீட்ல யாராவது இருப்பாங்கல்ல ப்ரோ? படிச்சுச் சொல்ல ஒரு ஆள்கூடவா இருக்கமாட்டாங்க?”

எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. வீட்டில் படித்துச் சொல்கிற ஆளாகவே வளர்ந்தவன் நான். அப்படி ஒரு ஆள் எல்லா வீட்டிலும் இருப்பார் என்று நம்புவது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. முதல் தாளுக்குக் குறி போடும்போது கை கொஞ்சம் நின்றது. இருபதாவது தாளில் நான் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றே பார்க்கவில்லை.

மே மாதம், நான் வேலையில் இருக்கும்போது அம்மா கூப்பிட்டார். ஒருநாளும் வேலை நேரத்தில் கூப்பிடாதவர்.

“தம்பி, கிடைச்சிட்டுது! இடம் தந்திருக்கிறாங்கள். செப்டெம்பரிலை தொடங்குது.”

“உண்மையாவோ அம்மா? கடிதத்தைப் பின்னேரம் ஒருக்கால் பாப்பம்.”

“என்னத்தைப் பாக்கிறது? நான் வாசிச்சிட்டன். ரெண்டு தரம் வாசிச்சனான்.”

அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது எழுதும்போது இதை நல்ல குணம் போலக் காட்டத்தான் கை போகிறது. உண்மையில் எனக்கு அன்று களைப்பு. பின்னேரம் கடிதத்தைத் திறக்காமல் இருக்க ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

அன்றைக்கே அம்மா வடை சுட்டு, கீழ்வீட்டு அன்ரிக்குக் கொண்டுபோய்ச் சொன்னார். பார்னஹாகேக்குக் கூப்பிட்டுச் சொன்னார். ஜூன் போனது, ஜூலை போனது. பயிற்சி அலுவலகத்திலிருந்து வேறொன்றும் வரவில்லை. எங்கே போவது, எப்போது போவது என்ற விபரம் இல்லை. “ஒருக்கால் அடிச்சுக் கேப்பமோ?” என்றேன்.

“வேண்டாம்” என்றார் அம்மா. “தந்தவங்களைத் திருப்பிப் போய்க் கேக்கக் கூடாது. கேட்டால் பைலைத் திறப்பாங்கள். திறந்தால் ஏதாவது காண்பாங்கள்.”

இது எங்கள் வீட்டுச் சட்டம். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எனக்குத் தெரிந்த அகதியாக வந்த எல்லா வீடுகளிலும் இருந்தது. ஒரு அலுவலகம் ஓம் என்று சொல்லிவிட்டால், அதன்பிறகு அதன் கண்ணில் படக்கூடாது. அப்பாவுக்கு வதிவிட அனுமதி கிடைத்தபோது கடிதத்தில் அவர் பெயரில் ஒரு பிழை இருந்ததாம். மூன்று வருடம் அந்தப் பிழைப் பெயரோடேயே வாழ்ந்தார், திருத்தக் கேட்டால் அனுமதியையும் திருத்திவிடுவார்கள் என்ற பயத்தில். நான் இங்கே பிறந்தவன். இந்த நாட்டில் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அம்மா வேண்டாம் என்றபோது தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஓகஸ்ட் கடைசியில், அம்மாவுக்குச் சொல்லாமல், மதிய இடைவேளையில் பயிற்சி அலுவலகத்தைக் கூப்பிட்டேன். எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். கடிதத்தின் திகதியிலிருந்து மூன்று கிழமைக்குள் பதில் தந்திருக்க வேண்டும். வராததால் இடம் ஜூன் மாதமே அடுத்தவருக்குப் போய்விட்டது. இரண்டாம் பக்கத்தில் அது தெளிவாக எழுதியிருக்கிறது என்றார்.

“அவவுக்குக் கண் தெரியாது” என்றேன்.

“எங்களிடம் விண்ணப்பிக்கிற எல்லோருமே அப்படித்தான்” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகச் சொன்னார். அடுத்த பயிற்சி அடுத்த வருடம் செப்டெம்பரில், மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றார்.

வீட்டுக்குப் போய் அம்மாவின் கைத்தொலைபேசியை வாங்கிக் கடிதத்தைத் திறந்தேன். முதல் பக்கம், உங்களுக்கு இடம் வழங்கப்பட்டுள்ளது. இரண்டாம் பக்கத்தில் கறுப்புச் சட்டம் போட்டு, தடித்த எழுத்தில், மூன்று கிழமைக்குள் பதிலளிக்கவும், பதில் இல்லையெனில் இடம் வேண்டாம் என்று கருதப்படும். கீழே பதில் தரும் எண். கண் தெரிந்த எவரும் தவறவிடமுடியாத பக்கம். திரைவாசிப்பானைப் போட்டேன். முதல் பக்கத்தை அழகாக வாசித்துவிட்டு, ஆவணம் முடிந்தது என்றது குரல்.

தாளின் இடது ஓரத்தில் கோப்பில் கட்டத் துளைத்த இரண்டு ஓட்டைகள் ஸ்கேனில் கறுப்பு வட்டங்களாக விழுந்திருந்தன. மேல் வட்டம் பாதி வெட்டுப்பட்டிருந்தது. அந்த வெட்டுப்பட்ட வட்டத்தை நான் முன்னரே பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் வேலையில் பதிவைத் தேடிப் பார்த்தேன். தேடத் தேவையே இருக்கவில்லை; குறி போட்டவன் நான்.

அம்மாவிடம் பாதியைச் சொன்னேன். பதில் கேட்டிருக்கிறார்கள், குரல் அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை, இடம் போய்விட்டது.

“ஃப்ரிஸ்ட், கடைசித் திகதி எண்டு ஒண்டும் சொல்லேல்லையே, தம்பி. நான் வடிவாக் கேட்டனான்” என்றார். தன்மேல்தான் பிழை என்பது போலத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, “பின்னேரம் பாப்பம் எண்டு நீ சொன்னனிதானே. நான்தான் பெரிய ஆள் மாதிரி…” என்றார்.

நான் அதையும் மறுக்கவில்லை.

அம்மாவின் பெயரில் முறைப்பாடு எழுதினேன். கோபமாக எழுதினேன். பார்வையற்றவர்களுக்கான பயிற்சியின் கடிதத்தையே பார்வையற்றவர் வாசிக்க முடியாவிட்டால் என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். எழுதியவன்தான் செய்தவன் என்பது அதில் இல்லை. அவர்கள் தாளைத் திருத்துவார்கள், அம்மாவுக்கு இடத்தைத் திருப்பித் தருவார்கள், நான் சொல்லவேண்டிய தேவை வராது என்று எண்ணியிருந்தேன்.

ஒக்டோபரில் பதில் வந்தது. அம்மா கைத்தொலைபேசியைச் சமையலறை மேசையில் வைத்து அதைத் தானே போட்டுக் கேட்டார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். முறைப்பாட்டை ஏற்கமுடியவில்லை, குறித்த தாள் சட்டம் கேட்கும் தரத்துக்கு அமைவாக உள்ளது, வெளி நிறுவனம் ஒன்று அதைச் சோதித்து உறுதிப்படுத்தியுள்ளது, அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. அறிக்கை மிகவும் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தது. குரல் ஒரு எழுத்தும் தவறாமல் வாசித்தது. சோதனை முடிவு, தேர்ச்சி. பிறகு நிறுவனத்தின் பெயர். பிறகு கையாண்டவர் என்ற இடத்தில் என் பெயரின் முதல் எழுத்துகள், ஒவ்வொன்றாக.

அம்மா விரலை எடுத்தார். எங்கள் நிறுவனத்தின் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பெயர்.

“தம்பி, இது உன்ரை இடமெல்லோ?”

“ஓம்.”

“அந்த எழுத்து?”

“என்ரைதான்.”

“நீ அந்தத் தாளைப் பாக்கேல்லையோ?”

“பாத்தனான்.”

“பாத்துமோ?”

“அம்மா, அது ஸ்கேன் பண்ணின தாள், மூலக்கோப்பு இல்லை, நாங்கள் கேட்டும் அவங்கள்…”

“நான் அதைக் கேக்கேல்லை. பாத்தனியோ எண்டுதான் கேட்டனான்.”

அம்மா கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். “சோறு குழையப் போகுது” என்றார். அழுதிருந்தால், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பிடும்போது மீன் முள்ளைப் பற்றி ஏதோ சொன்னார்.

வேலையில் சொன்னேன். எங்கள் மேலாளர் கவனமாகக் கேட்டார். இந்த ஒரு தாளைத் திறந்தால் அந்தக் கட்டு முழுவதையும் திறக்கவேண்டி வரும், வாடிக்கையாளர் தேர்ச்சி பெற்றதைத்தான் கேட்டார், நாம் அதைக் கொடுத்திருக்கிறோம் என்றார். அந்தத் தாளை மட்டும் என் மதிய இடைவேளையில் தட்டச்சு செய்து, ஒழுங்காகக் குறி போட்டு, ஹெட்போனில் முழுவதும் கேட்டுவிட்டு அனுப்பிவைத்தேன். அது பயன்பாட்டுக்கு வந்ததா என்று தெரியாது. கோயம்புத்தூர்க்காரர் என் மேசைக்கு வந்து நின்றார்.

“சாரி ப்ரோ. உங்க அம்மாவுக்குப் போற லெட்டர்னு யாருக்குத் தெரியும்?”

“தெரிஞ்சிருந்தால்?”

அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். அவரைக் குறைசொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கட்டில் நான் குறி போட்ட மற்றத் தாள்கள் இப்போதும் யார் யாருடைய கடிதங்களிலோ போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

பார்னஹாகேயின் தலைமைப் பெண் நத்தார் வரைக்கும் என்று சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அதற்குமேல் ஒரு வருடம் அவரால் காத்திருக்க முடியாது. அதை அவர் அம்மாவிடம் நேரில் வந்து சொன்னார். ஜனவரியில் அம்மாவும் நானும் போய்ச் சமையலறைக் கதவுத் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தோம். புதிதாக வந்த பெண் அம்மாவுடைய கத்திகளை வேறு இலாச்சிக்கு மாற்றியிருந்தார். அம்மா பழைய இலாச்சியைத் திறந்து உள்ளே தடவிப் பார்த்துவிட்டு மூடினார்.

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு அன்ரி வந்திருந்தார். அவருக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

“அக்கா, உவங்களுக்கு எங்கடை ஆக்களெண்டால் ஒரு இளக்காரம். ஒரு வெள்ளைக்காரிக்கெண்டால் மூண்டு தரம் ரெலிபோன் அடிச்சுக் கேட்டிருப்பாங்கள். உண்மையா கடிதத்திலை ஒண்டும் போடேல்லையோ?”

“இல்லை” என்றார் அம்மா. “திகதி ஒண்டும் போடேல்லை. மறந்துபோனாங்கள்.”

“மறக்கிறதோ! தம்பி, நீ உந்த வேலைதானே செய்யிறாய்? படிச்ச பிள்ளை. நாக்கைப் பிடுங்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு எழுதப்பு. நாங்கள் சும்மா இருந்தால் இன்னும் ஏறி மிதிப்பாங்கள்.”

நான் வாயைத் திறந்தேன். அம்மா அன்ரியின் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, நான் பேசுவதற்கு முன்னரே சொன்னார்:

“அவன் எழுதினவன். நல்லாத்தான் எழுதினவன். விடு பிள்ளை, தேத்தண்ணி ஆறப்போகுது.”

அன்ரி என்னைப் பெருமையாகப் பார்த்தார். நான் என் கோப்பையை எடுத்துக் குடித்தேன்.